கொலரா, ஹார்னஸா? கொழும்பு வீதியில் நாயைக் கைநழுவாமல் கூட்டிப் போக முழுமையான வழிகாட்டி

முன்னுக்கு இழுக்கிற நாயைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். கழன்று ஓடுவது பின்னுக்குப் போகிற நாய். இதை நான் தெரிந்துகொண்டது வெள்ளவத்தை மரைன் டிரைவில், ஒரு மாலை ஆறு மணிக்கு. தண்டவாளத்தில் ரயில் வந்து ஹோர்ன் அடித்தது. என் நாய் ஜிம்மி நின்றான், தலையைத் தாழ்த்தினான், இரண்டு எட்டு பின்னுக்கு வைத்தான். லீஷ், அதாவது பிடிவார், என் கையில் இருந்தது. அதன் நுனியில் வெறும் கொலர் தொங்கியது. வாகனங்கள் நிறைந்த காலி வீதிப் (Galle Road) பக்கம் ஓடியவனை இரவு எட்டு மணிக்கு ஒரு ஒழுங்கையில், நிறுத்தி வைத்திருந்த வானுக்குக் கீழே கண்டுபிடித்தோம். இரண்டு பஸ்களுக்கு நடுவால் அவன் போனதைப் பார்த்தவர்கள் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

கொலரில் ஒரு பழுதும் இல்லை. அந்த நாய்க்கு அந்த வகை பொருந்தாது, போட்ட இறுக்கமும் போதாது.

அதன்பின் எங்கள் தொடர்மாடியிலும் அக்கம்பக்கத்து ஒழுங்கைகளிலும் புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கிய பலரோடு கூட நின்று அளவெடுத்து, மாட்டி, நடந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் சறுக்குவது வரிசையில்தான். காலையில் கடைக்குப் போய் நிறம் பார்த்து வாங்கி, மத்தியானம் மாட்டி, மாலையில் வீதிக்கு இறங்கிவிடுகிறார்கள். முதலில் நாயைப் பாருங்கள், பிறகு அளவெடுங்கள், பிறகு கடை, அதன்பின் வீட்டுக்குள் பழக்கம். வீதி கடைசி. கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள்.

தொடங்குமுன் தேவையானவை

தையலுக்குப் பாவிக்கும் துணி அளவு நாடா ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நூலும் அடிமட்டமும் போதும். அவித்த கோழி இறைச்சியை உப்பு, வெங்காயம் சேர்க்காமல் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக வெட்டி வையுங்கள். நாய்க்கு வெங்காயம் நஞ்சு. துணியில் அழியாத மார்க்கர் பேனை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று எட்டாம் படியில் வரும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அட்டை வீட்டில் இருக்க வேண்டும். நாயை உள்ளூராட்சி சபையில் பதிவு செய்யச் சட்டம் இருக்கிறது; அதையும் முடித்துவிடுங்கள். குட்டியாக இருந்தால், தடுப்பூசித் தொடர் முடிந்தது என்று மிருக வைத்தியர் சொல்லும்வரை வீதித் தரையில் இறக்க வேண்டாம். குட்டிகளுக்கு ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கக் கூடியது. அந்தக் காத்திருப்பு நாட்கள் வீணல்ல, வீட்டுக்குள் கொலர் பழக்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது.

1. மூன்று நாள் நாயைக் கவனியுங்கள்

எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது நாயின் உடம்பும் குணமும். இனத்தின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பிழைக்கும். இரண்டு லாப்ரடோர் ஒரே மாதிரி நடப்பதில்லை.

திடீர்ச் சத்தம் கேட்டால் அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வேண்டுமென்று பயமுறுத்த வேண்டாம். வீட்டில் சட்டி மூடி விழும், கதவு அடிக்கும், அப்போது பார்த்தால் போதும். முன்னே பாய்ந்து குரைக்கிறதா, தலையைத் தாழ்த்திப் பின்வாங்குகிறதா? பின்வாங்கும் நாய்க்குச் சாதாரணப் பட்டைக் கொலரில் மட்டும் லீஷ் மாட்டவே கூடாது.

பூனையையோ சாப்பாட்டுத் தட்டையோ கண்டால் முழுப் பாரத்தையும் முன்னே போடுகிறதா? அப்படியானால் முதுகில் மட்டும் லீஷ் வளையம் உள்ள ஹார்னஸ் (நெஞ்சையும் விலாவையும் சுற்றி மாட்டும் பட்டைத் தொகுதி) உங்களுக்கு உதவாது.

கழுத்தையும் முன்காலையும் தொட விடுகிறதா? காலைத் தூக்கினால் உறுமும் நாய்க்கு, காலை நுழைத்து மாட்டும் ஹார்னஸ் தினமும் சண்டையாகிவிடும். தலைவழியாக மாட்டி விலாப்பக்கம் கிளிப் போடும் வகையைத் தேடுங்கள். தலைக்கு மேல் கை வந்தால் ஒதுங்கும் நாய்க்கு, கழுத்துப் பட்டையும் திறந்து மூடக்கூடிய வகை வேண்டும்.

கடைசியாக மூச்சு. பக், ஷிட்சு போன்ற தட்டை மூக்கு நாய்களும், இழுக்கும்போது வாத்து கத்துவதுபோல் இருமும் பொமரேனியன்களும் கழுத்தில் பாரம் தாங்கக் கூடாதவை. சின்ன இனங்களில் மூச்சுக்குழல் தளர்ந்து அமுங்கும் நோய் அடிக்கடி வருவது. கண் அழுத்த நோய் உள்ள நாய்க்கும் இதே விதிதான். கொலரை இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதையும், ஹார்னஸில் அப்படி ஏறாததையும் 2006இல் வெளியான ஆய்வொன்று அளந்து காட்டியிருக்கிறது.

2. மூன்று இடத்தில் அளவெடுங்கள்

நாய் நின்றபடி இருக்க வேண்டும். உட்கார்ந்தால் மார்பளவு மாறிவிடும். நாடாவை இறுக்காமல், தளரவும் விடாமல் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் எடுங்கள்.

முதல் அளவு கழுத்தின் அடிப்பகுதி, கொலர் இயல்பாக வந்து தங்கும் இடம். இரண்டாவது கழுத்தின் உச்சி, காதுகளுக்குச் சற்றுக் கீழே. மூன்றாவது மார்பின் பெரிய சுற்றளவு, முன்கால்களுக்கு இரண்டு விரல் பின்னால்.

இவற்றோடு தலையின் அகலமான இடத்தையும், காதுகளை மடித்துக்கொண்டு, அளந்து பாருங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். ஊர் நாய்களில் பலவற்றுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அளவு. ஜிம்மிக்குக் கழுத்து 38 சென்ரிமீற்றர், தலை 39. அந்த ஒரு சென்ரிமீற்றரை நம்பித்தான் நான் அவனை ரயில் பாதை ஓரம் கூட்டிப் போயிருக்கிறேன். தலையளவு கழுத்தளவைவிட மூன்று நான்கு சென்ரிமீற்றராவது கூடுதலாக இல்லாவிட்டால் உங்கள் நாயும் கழற்றிக்கொள்ளும் வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வளரும் குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். "கொஞ்சம் பெரிசா வாங்கினா ஒரு வருஷம் போகும்" என்று பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்துக்குச் செய்வதை இங்கே செய்யாதீர்கள். பெரிய ஹார்னஸிலிருந்து குட்டி ஒரு நொடியில் வெளியே வரும்.

3. வகையைத் தெரிவு செய்யுங்கள்

சாதாரணப் பட்டைக் கொலர். இழுக்காத, பயப்படாத, தலை பெரிதான நாய்க்கு இதுவே போதும். மற்ற எல்லா நாய்களும் இதை அணிய வேண்டியது பெயர்த்தகடுக்காக. தகட்டில் தொலைபேசி இலக்கம் இருந்தால் போதும். நாயின் பெயரைவிட அதுதான் வேலை செய்யும். அகலம் முக்கியம்: ஐந்து கிலோவுக்குக் குறைந்த நாய்க்கு ஒரு சென்ரிமீற்றர், நடுத்தர நாய்க்கு இரண்டு முதல் இரண்டரை, அல்சேஷன், ரொட்வைலர் போன்றவற்றுக்கு மூன்று முதல் நான்கு. பட்டை ஒடுங்க ஒடுங்க அதே இழுப்பு கழுத்தில் சின்ன இடத்தில் இறங்கி வெட்டும்.

மார்ட்டிங்கேல் கொலர். இதில் பெரிய வளையமும், அதோடு சேர்ந்த சின்ன வளையமும் இருக்கும். நாய் பின்வாங்கினால் கொலர் ஓரளவு இறுகி அங்கேயே நின்றுவிடும். கழுத்தை நெரிக்காது, கழலவும் விடாது. மெல்லிய தலையுள்ள ஊர் நாய்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு நிபந்தனை உண்டு. முழுக்க இறுகியபோது இரண்டு உலோக வளையங்களும் ஒன்றையொன்று முட்டக் கூடாது, நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். முட்டினால் கொலர் பெரிது, அது சாதாரணக் கொலராகிவிட்டது. பெரிதும் இடைவெளி விட்டால் நெரிக்கும். தொங்கும் வளையம் எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்பதால் வீட்டுக்குள் இதைக் கழற்றி வையுங்கள்.

முதுகு வளைய ஹார்னஸ். கழுத்துக்குப் பாரம் இல்லை. சின்ன நாய்க்கும், இருமும் நாய்க்கும், அமைதியாக நடக்கும் கிழட்டு நாய்க்கும் மிகவும் நல்லது. பெரிய நாய் இழுப்பதை இது நிறுத்தாது. பாரம் மார்பு முழுவதும் பரவுவதால் இழுப்பது அதற்குச் சுகமாகிவிடும். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கு ஹார்னஸ் போடுவது அதனால்தான். "ஹார்னஸ் வாங்கினேன், இப்ப முன்னைவிட இழுக்குது" என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் வாங்கியிருப்பது இதைத்தான்.

மார்பு வளைய ஹார்னஸ். லீஷ் நெஞ்சின் நடுவில் மாட்டப்படும். நாய் முன்னே பாய்ந்தால் அதன் உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும், பாய்ச்சலில் பாதி அங்கேயே போய்விடும். இருபது கிலோவுக்கு மேற்பட்ட, இழுக்கிற நாயை ஒடுங்கிய நடைபாதையில் நடத்த வேண்டுமென்றால் என் தெரிவு இது. முதுகிலும் மார்பிலும் இரண்டு வளையம் உள்ளதாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். பழகப் பழக முதுகு வளையத்துக்கு மாறலாம்.

எந்த ஹார்னஸிலும் முன்பக்க வடிவத்தைப் பாருங்கள். இரண்டு பட்டைகள் கழுத்தடியிலிருந்து இறங்கி நெஞ்செலும்பில் சேர்ந்து, ஒன்றாகிக் கால்களுக்கு நடுவால் போக வேண்டும். பெருமாள் கோயில் பட்டர் நெற்றியில் இடும் Y வடிவ நாமம்போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரே பட்டை கிடையாகப் போகும் வகை தோள்மூட்டின் மேல் வந்து உட்கார்ந்தால் கால் வீச்சைத் தடுக்கும், பின்வாங்கும் நாய்க்கு எளிதில் கழலவும் செய்யும்.

மூன்று பட்டை ஹார்னஸ். மேலே சொன்னதோடு, விலா முடிந்து இடுப்பு ஒடுங்கும் இடத்தில் இன்னொரு பட்டை வரும். அகலமான விலாக்கூட்டைத் தாண்டி அந்தப் பட்டை முன்னே வர முடியாததால், பயந்து பின்வாங்கும் நாய் இதிலிருந்து வெளியே வருவது மிகக் கடினம். வீதியிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்களுக்கு முதல் ஆறு மாதம் இதையே போடுங்கள் என்பேன். எல்லாக் கடையிலும் இருக்காது. சொல்லி எடுக்க வேண்டியிருக்கும். கிடைக்கும்வரை மார்ட்டிங்கேலும் ஹார்னஸும் சேர்த்துப் போட்டு, இரண்டையும் ஒரு சின்ன இணைப்புப் பட்டையால் தொடுத்துவிடுங்கள். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும்.

ஹெட் ஹால்டர். குதிரைக்குப் போடுவதுபோல் மூக்கின் மேலும் காதின் பின்னும் போகும் பட்டை. தன்னைவிடப் பாரமான நாயை நடத்த வேண்டிய வயதானவருக்கு இது பெரிய உதவி, தலை திரும்பினால் உடம்பும் திரும்பும். பழக்க இரண்டு வாரம் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள். திடீரென்று சுண்டி இழுத்தால் கழுத்தெலும்பு வருந்தும், நீண்ட லீஷோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தட்டை மூக்கு நாய்க்குப் பொருந்தவே பொருந்தாது.

4. வாங்க வேண்டாம் என்று நான் சொல்பவை

சோக் செயின், அதாவது இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி, இன்னும் கடைகளில் தொங்குகிறது. அதற்கு எல்லை இல்லை. இழுக்கிற அளவுக்கு இறுகிக்கொண்டே போகும். தலைகீழாக மாட்டினால் லீஷைத் தளர்த்தினாலும் இறுக்கம் விடாது, பெரும்பாலானவர்கள் அப்படித்தான் மாட்டுகிறார்கள். முள் கொலர், மின்னதிர்ச்சிக் கொலர் இரண்டையும் விடுங்கள். சுவிற்சர்லாந்திலும் ஒஸ்திரியாவிலும் இவற்றுக்குத் தடை இருக்கிறது. என் காரணம் அதைவிட எளியது: வேறு நாயைக் காணும்போதெல்லாம் கழுத்தில் வலித்தால், அந்த வலியைக் கொடுத்தது எதிரே நிற்கும் நாய் என்றுதான் உங்கள் நாய் கணக்குப் போடும். நாளுக்கு நாள் மூர்க்கம் கூடும்.

உடம்பை முழுதும் மூடும் தடித்த பஞ்சு ஜக்கெட் ஹார்னஸ் கொழும்புக்கு ஏற்றதல்ல. முப்பது பாகைச் சூட்டிலும் இந்த ஈரப்பதத்திலும் நாய்க்கு ஏற்கெனவே மூச்சு வாங்கும். அதன்மேல் ஒரு போர்வை எதற்கு? பட்டை வகையோ, ஓட்டை ஓட்டையான வலைத்துணி வகையோ எடுங்கள்.

5. கடையில் கையால் சோதியுங்கள்

முடிந்தால் நாயையும் கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் அளவுச் சீட்டைக் கொண்டு போய், மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெட்டியில் உள்ள சிறிது, நடுத்தரம், பெரிது என்பதை நம்பக் கூடாது. ஒரு உற்பத்தியாளரின் நடுத்தரம் இன்னொருவரின் பெரிது.

லீஷ் மாட்டும் வளையம் இருக்கும் இடத்தில் தையலைப் பாருங்கள். பெட்டி போட்டு அதன் நடுவே குறுக்காகத் தைத்திருந்தால் நல்லது. ஒற்றை வரித் தையல் ஒரு பாய்ச்சலில் பிரியும். வளையம் முழுவட்டமாக ஒட்டி உருக்கப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே வளைத்து விட்ட வளையம் பாரம் வந்தால் விரிந்துவிடும்.

சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள். வளையத்தில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடலோரம் இருக்கிறவர்களுக்கு அது சில மாதத்தில் துருப்பிடிக்கும். ஒட்டாததெல்லாம் நல்லது என்றும் இல்லை, மலிவான வார்ப்பு நாகக் (சிங்க்) கலவையிலும் காந்தம் ஒட்டாது. பித்தளை அல்லது துருப்பிடிக்கா உருக்கு என்று கேட்டு வாங்குங்கள். தோல் கொலர் அழகுதான். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், தினமும் துடைக்க ஆளிருந்தால் மட்டும் எடுங்கள். நைலோன் பட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். கீறினால் அக்குளில் புண் வைக்கும்.

6. லீஷ்

ஒன்றரை மீற்றர் நீளம் போதும், கூடினால் ஒன்றே முக்கால். இந்த நகரத்தின் நடைபாதையில் ஓட்டோ ஒன்று திடீரென்று ஏறி நிற்கும், மோட்டார் சைக்கிள் எதிரே வரும். உங்களிடமிருந்து ஒரு எட்டுத் தூரத்துக்குள் நாய் இருக்க வேண்டும். தானாக நீண்டு சுருங்கும் பொத்தான் லீஷ் காலி வீதியில் ஆபத்து. பூட்டு வழுக்கினால் ஐந்து மீற்றர் தள்ளி பஸ் பாதையில் நிற்கும் நாயை நீங்கள் எதைக் கொண்டு இழுப்பீர்கள்? அதன் மெல்லிய கயிறு காலில் உரசினால் தோலையும் அறுக்கும்.

கைப்பிடி வளையத்துக்குள் பெருவிரலை நுழைத்து, மீதியை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டாதீர்கள். பெரிய நாய் பாய்ந்தால் விரல் முறியும், நீங்களும் விழுவீர்கள். சிறுவர்களின் கையில் தனியாகக் கொடுக்கவும் வேண்டாம்.

7. வீட்டுக்குள் ஒரு வாரம் பழக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். புது ஹார்னஸை மாட்டியதும் நாய் சிலைபோல நின்றுவிடும், அல்லது தரையில் உருண்டு கடிக்கும். பிறகு அதை எடுக்கக் கண்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

முதல் நாள் ஹார்னஸைத் தரையில் போட்டு, அதைச் சுற்றி இறைச்சித் துண்டுகளை வையுங்கள். அவ்வளவுதான். அடுத்த நாள் கழுத்து வளையத்தை ஒரு கையால் பிடித்து, மறுபக்கத்தில் மற்றக் கையில் இறைச்சியைக் காட்டுங்கள். நாய் தானாகத் தலையை நுழைத்து எடுக்கட்டும். நீங்கள் தலையை நோக்கித் தள்ளக் கூடாது. தானாக நுழையும் நாய் அதன்பின் காலமெல்லாம் தானாகவே நுழையும்.

மூன்றாம் நாள் கிளிப்பின் சத்தம். உடம்பில் போடாமல், தள்ளி வைத்து "டக்" என்று போட்டு உடனே ஒரு துண்டு கொடுங்கள். பலரும் எதிர்பார்க்காத இடம் இது, பயந்த நாய்க்கு விலாவுக்குப் பக்கத்தில் கேட்கும் அந்தச் சத்தம் அடி விழுந்த மாதிரி. நான்காம் ஐந்தாம் நாள் மாட்டி ஐந்து நிமிடம், சாப்பாட்டு நேரத்தில். ஆறாம் ஏழாம் நாள் லீஷோடு விறாந்தையில் நடை. ஹெட் ஹால்டருக்கு இதே வரிசை, இரட்டிப்பு நாட்கள்.

8. பொருத்திப் பார்த்து, பின்னுக்கு இழுத்துச் சோதியுங்கள்

கொலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். சின்ன நாய்க்கு ஒரு விரல். ஹார்னஸின் ஒவ்வொரு பட்டையையும் இதே மாதிரிப் பாருங்கள், ஒரு பட்டையைப் பார்த்துவிட்டு எழும்பிவிடாதீர்கள். மார்புப் பட்டை முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் பின்னால் இருக்க வேண்டும், நெருங்கினால் அக்குள் உரசும். நெஞ்சுச் சந்தி தொண்டைக்குழியில் ஏறாமல் எலும்பின் மேல் நிற்க வேண்டும்.

இனி முக்கியமான சோதனை. கதவு மூடிய அறைக்குள் நாய்க்கு எதிரே நில்லுங்கள். லீஷை முன்பக்கமாக, தலைக்கு நேராகப் பிடித்து, இறைச்சியை வைத்திருக்கும் ஒருவரை நாயின் பின்னால் நிறுத்திக் கூப்பிடச் சொல்லுங்கள். நாய் பின்னே நகரும்போது மெல்லப் பிடித்து நில்லுங்கள், சுண்ட வேண்டாம். கொலர் காதைத் தாண்டி வருகிறதா? ஹார்னஸ் முழங்கை வரை முன்னே சரிகிறதா? சரிந்தால் இறுக்கித் திரும்பச் செய்யுங்கள். இறுக்கியும் சரிந்தால் அந்த வகை உங்கள் நாய்க்கு இல்லை. அதை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

சரியான இடம் கிடைத்ததும் ஒவ்வொரு பட்டையிலும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கொளுக்கி நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். நைலோன் பட்டை, முக்கியமாக மழையில் நனைந்தால், மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே போகும். கோடு நகர்ந்திருந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும்.

9. முதல் வெளிநடைகள்

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு வீதிக்கு முதல் லிப்ட் வருகிறது. நாயும் நீங்களும் முழுதாக உள்ளே வந்த பிறகே பொத்தான். லீஷைக் குட்டையாகப் பிடியுங்கள். நாய் வெளியே, நீங்கள் உள்ளே, கதவு மூடுவது என்பது நினைத்தும் பார்க்கக் கூடாத விபத்து. சந்தேகமிருந்தால் படிக்கட்டால் போங்கள்.

முதல் இரண்டு நாள் வாகனத் தரிப்பிடத்துக்குள் பத்து நிமிடம் மட்டும். அடுத்து, கடற்கரைப் பக்கம் இறங்கும் அமைதியான ஒழுங்கையில், காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் தார் சூடாக இராது. மத்தியானத்தில் புறங்கையை ஏழு செக்கன் வீதியில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. ஒரு வாரம் பிரச்சினை இல்லாமல் போனால் காலி வீதியின் நடைபாதை. அதன்பின் சுதந்திர சதுக்கப் பக்கம். காலிமுகத்திடலின் ஞாயிறு மாலைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் கடைசி. பட்டமும் பந்தும் இறால் வடை வாசமும் ஒன்றாக வரும் இடம் அது.

லீஷ் இறுகினால் நில்லுங்கள். தளர்ந்தால் நடவுங்கள். எந்த ஹார்னஸ் போட்டாலும் இதுதான் நாய்க்கு நடையைக் கற்றுக்கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், அவசரமாகப் பாண் வாங்கப் போகும் காலையிலும்.

ஓட்டோவில் ஏற்றினால் லீஷ் ஹார்னஸில் இருக்கட்டும், கொலரில் வேண்டாம். திடீர் பிரேக்கில் கழுத்து முறுகும். கம்பியில் கட்டாமல் கையில் பிடியுங்கள்.

10. கட்டாக்காலி நாய்கள், ரயில், வெடி

ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு கூட்டம் நாய் இருக்கும், அவற்றுக்கு எல்லையும் இருக்கும். தூரத்திலேயே கண்டு வீதியின் மறுபக்கம் மாறுங்கள். வளைந்து சுற்றிப் போவது நாய்மொழியில் மரியாதை. நேருக்கு நேர் லீஷை இறுக்கிப் பிடித்து நடந்தால் உங்கள் நாயின் நெஞ்சு நிமிர்ந்துவிடும், எதிரே நிற்பவைக்கு அது சண்டைக்கு வருவதுபோல் தெரியும். கிட்ட வந்துவிட்டால் நின்று, கையிலுள்ள சாப்பாட்டை அவற்றின் பின்னால் எறிந்துவிட்டு விலகுங்கள். சின்ன நாயைச் சட்டென்று தூக்கினால் மற்றவை உங்கள் மேல் பாயக் கூடும்.

யாருக்காவது கடி பட்டால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் தடுப்பூசி இலவசம். வளர்ப்பு நாய்தானே, கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

மரைன் டிரைவில் நடக்கும்போது தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையைப் பாவியுங்கள். ரயில் கேட்டதும் லீஷைக் குட்டையாக்கி, நாயின் பின்பக்கம் உங்கள் கால் வரும்படி நில்லுங்கள். பின்வாங்கும் வழி அடைபட்டால் கழற்றும் வழியும் அடைபடும். தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, டிசம்பர் 31 ஆகிய நாட்களில் வெடி தொடங்குமுன், வெளிச்சத்திலேயே நடையை முடித்துவிடுங்கள். அன்றைக்கு எந்த நாய்க்கும் இரட்டைப் பூட்டு: கொலரும் ஹார்னஸும். ஆடிவேல் தேர் வரும் வீதிக்குப் பார்க்கக் கூட்டிப் போகாதீர்கள். மேளமும் சனமும் நாய்க்குக் கொண்டாட்டமல்ல.

11. கழற்றுங்கள், கழுவுங்கள், பாருங்கள்

வீட்டுக்கு வந்ததும் ஹார்னஸைக் கழற்றுங்கள். இரவு பகலாகப் போட்டு விட்டால் அக்குளில் மயிர் சிக்கும், ஈரம் நின்று புண் வரும். இங்கே உண்ணி ஒளிய விரும்பும் இடமும் கொலருக்குக் கீழேதான். தினமும் விரலால் மயிரைப் பிரித்துப் பாருங்கள்.

கிழமைக்கு ஒருமுறை சாதாரண தண்ணீரில் அலசி நிழலில் காய விடுங்கள். கடலில் இறங்கினால் அன்றே அலச வேண்டும், உப்பு தையலையும் வளையத்தையும் தின்னும். வெயில் பட்ட பிளாஸ்ரிக் கிளிப் வெளிறி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளிறத் தொடங்கினால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது. தையலில் ஒரு நூல் எழும்பியிருந்தாலும் அன்று அதைக் கொண்டு வெளியே போகாதீர்கள்.

12. அப்படியும் கழன்றுவிட்டால்

துரத்தாதீர்கள். நீங்கள் ஓடினால் அது இன்னும் வேகமாக ஓடும், வீதிக்குள் ஓடும். கத்தவும் வேண்டாம். பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் குந்தி இருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். தரையில் எதையோ கண்டெடுத்ததுபோல விரலால் கிளறுங்கள், சாப்பாட்டுப் பையைச் சரசரக்க விடுங்கள். கூட வந்தவர் வாகனங்களை நிறுத்தப் பார்க்கட்டும்.

கிட்ட வந்தால் தலைக்கு மேல் கை நீட்டிப் பிடிக்கப் போகாதீர்கள். நெஞ்சுக்குக் கீழால் மெல்லக் கையைக் கொடுங்கள். இதற்காகவே என் காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெல்லிய சுருக்குக் கயிறு இருக்கும். கைப்பிடி வளையத்துக்குள் மறு நுனியை இழுத்தாலே சுருக்காகிவிடும் சாதாரண லீஷும் போதும். அதைத் தலையில் போட்டு வீடு வந்து சேர்ந்தபின், அன்றிரவே எட்டாம் படியிலுள்ள சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எந்தப் பட்டை எங்கே தளர்ந்திருந்தது என்று கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்காமல் மறுநாள் காலை கதவைத் திறக்க வேண்டாம்.